எச்-4 மறுக்கப்பட்ட ஒரு ஜே-1 ஆராய்ச்சியாளர்: விலக்கு கிடைத்த கதை முழுதாக

மதுரைப் பக்கத்துப் பெண். நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் முடித்து, 2018 செப்டம்பரில் ஜே-1 விசாவில் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு போஸ்ட்-டாக் ஆகப் போனார். 2022 பிப்ரவரியில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கல்யாணம். மாப்பிள்ளை டல்லாஸில் எச்-1பி விசாவில் இருக்கும் மென்பொருள் பொறியாளர். கல்யாண லீவு முடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார். எச்-1பி-காரரின் துணைவருக்கான எச்-4 விசா வந்ததும் மனைவி பின்னாலேயே போவதாக ஏற்பாடு. நவம்பரில் நேர்காணல். விசா மறுக்கப்பட்டது.

மறுப்புத் தாளில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212(இ) என்ற பிரிவில் டிக் போட்டிருந்தது. வீட்டில் முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது மாப்பிள்ளையின் காகிதங்களை. சம்பளச் சீட்டு போதவில்லையா, கம்பெனிக் கடிதத்தில் ஏதாவது விட்டுப்போனதா, கல்யாணப் பதிவுச் சான்றில் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாரம் அதிலேயே போனது. சிக்கல் அங்கே எதுவுமில்லை. கணவரின் விசா, வேலை, கல்யாணம் எல்லாம் சுத்தமாக இருந்தன. மனைவி நான்கு வருடத்துக்கு முன்னால் எந்த விசாவில் போனார் என்பதுதான் இப்போது வழியை மறித்தது.

ஆராய்ச்சி மாணவர்களின் விசா காகிதங்களைப் பார்த்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. வழக்கறிஞர் அல்ல. இந்தக் கேஸ் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை என் கையில் இருந்தது. அந்தத் தம்பதியின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். இதே மாதிரி மறுப்போடு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் தப்பான இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்: "நாங்கள் பிரிந்து கஷ்டப்படுகிறோம், அதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்" என்று. இந்தச் சட்டம் பிரிவின் வலியை அளப்பதே இல்லை. எந்தக் கயிற்றால் நீங்கள் கட்டப்பட்டிருக்கிறீர்கள் என்று மட்டும்தான் அது கேட்கிறது. அதைக் கண்டுபிடித்தால் அவிழ்க்கும் வழியும் தெரிந்துவிடும்.

கட்டு எங்கிருந்து வந்தது

ஜே-1 என்பது பரிமாற்ற வருகையாளர் விசா. வந்து கற்றுக்கொள், கற்றதை ஊருக்குக் கொண்டுபோ என்பது அதன் அடிப்படை எண்ணம். 1956-இல் இதைச் சட்டமாகவே ஆக்கி, பரிமாற்றத்தில் வந்தவர்கள் திரும்பிப் போய் இரண்டு வருடம் வெளியே இருந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். 1970-இல் அதைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிறகு ஜே-1-இல் வருகிற எல்லோரையும் இந்த விதி தொடாது. மூன்று வகையினரை மட்டும்தான் தொடும். அமெரிக்க அரசோ சொந்த நாட்டு அரசோ பரிமாற்றத்துக்காகப் பணம் கொடுத்து அனுப்பியவர்கள் ஒரு வகை. சொந்த நாட்டுக்குத் தேவை என்று பட்டியலிட்ட துறைகளில் வந்தவர்கள் இன்னொரு வகை. இதைத் திறன் பட்டியல் என்பார்கள். மூன்றாவது, மருத்துவ மேற்பயிற்சிக்கு வந்த டாக்டர்கள். இவர்களைச் சேர்த்தது 1976-இல்.

இதுதான் 212(இ). இந்தக் கட்டுக்குள் வந்தவர், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருக்கும் வரை எச் விசா, எல் விசா, நிச்சயிக்கப்பட்டவருக்கான கே விசா, கிரீன் கார்டு எதையும் வாங்க முடியாது. எச் என்றால் வேலைக்கான எச்-1பி மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துணைவருக்கான எச்-4-உம் அதில் அடக்கம். இந்தப் பெண்ணுக்கு எச்-4 விண்ணப்பம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். "நீங்க வேலைக்கா போறீங்க, புருஷன்கூட இருக்கத்தானே போறீங்க, ஒண்ணும் ஆகாது மேடம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இவர் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த ஜே-1 விசாவின் அடியில், இரண்டு வருட விதி பொருந்தாது என்று அச்சாகியிருந்தது. அதை நம்பித்தான் நான்கு வருடம் நிம்மதியாக இருந்தார். ஆனால் விசாவில் அச்சாகும் அந்த வரி முடிவான தீர்ப்பு அல்ல. ஜே-1-இல் போகிறவருக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் டிஎஸ்-2019 படிவத்தின் இடது அடிப்பகுதியில் தூதரக அதிகாரி போடும் டிக்கும் அப்படித்தான். அது முதற்கட்டக் கருத்து என்று அந்தப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். கடைசி வார்த்தை விலக்குகளைப் பரிசீலிக்கும் பிரிவான, அமெரிக்க வெளியுறவுத் துறையின் வெய்வர் ரிவ்யூ டிவிஷன் சொல்வதுதான்.

அதனால் முதல் வேலையாக அவருடைய டிஎஸ்-2019 எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். மூன்றரை வருடத்தில் நீட்டிப்பு, விவரத் திருத்தம் என்று பல தாள்கள் சேர்ந்திருந்தன. நடுவில் ஒன்று காணோம். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டதும் நகல் அனுப்பிவிட்டார்கள். இதில் பார்க்க வேண்டியவை இரண்டு பெட்டிகள். நான்காவது பெட்டியில் துறைக் குறியீடு: 26.0502, அதாவது பொது நுண்ணுயிரியல். ஐந்தாவது பெட்டியில் பணம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு: அத்தனை தாளிலும் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்.

ஐந்தாவது பெட்டியில் எனக்கு ஒரு கவலை இருந்தது. அவர் சம்பளம் வாங்கியது பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து. அந்த மானியம் கொடுத்தது என்.ஐ.எச். என்கிற அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள். அப்படியானால் அரசுப் பணம்தானே? இல்லை. பேராசிரியருக்கு ஆராய்ச்சிக்காகக் கிடைத்த மானியத்திலிருந்து பல்கலைக்கழகம் சம்பளம் கொடுப்பது வேறு, பரிமாற்றத்துக்கென்றே அரசு ஒருவருக்குப் பணம் ஒதுக்குவது வேறு. சட்டம் பிடிப்பது இரண்டாவதைத்தான். பல்கலைக்கழகமும் அதனால்தான் அந்தப் பணத்தைத் தன் பெயரில் காட்டியிருந்தது. இது தெளிவானபோது பாதி பாரம் இறங்கியது. எல்லாம் அந்த 2009 ஆண்டுத் திறன் பட்டியலால் வந்தது. இந்தியாவுக்கான அந்தப் பட்டியல் மிக அகலமாக இருந்தது. உயிரியல் துறைகள் அதில் இருந்தன. ஒரே ஒரு கயிறு, அதுவும் மூன்றில் மெல்லியது.

எந்த வழி

விலக்கு கேட்க ஐந்து வழிகள் உண்டு. சொந்த நாட்டு அரசு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவது. அமெரிக்க அரசுத் துறை ஏதாவது இவர் எங்களுக்கு வேண்டும் என்று கேட்பது. திரும்பினால் இனம், மதம், அரசியல் கருத்து காரணமாகத் துன்புறுத்தப்படுவார் என்று காட்டுவது. அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்கும் துணைவருக்கு அல்லது குழந்தைக்கு அசாதாரணத் துன்பம் வரும் என்று நிரூபிப்பது. டாக்டர்களுக்கு மட்டும், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் சேவை செய்யும் கான்ராட் திட்டம்.

நான்காவதைப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "இதுதானே நமக்கு?" என்றார். இல்லை. கணவர் எச்-1பி. குடிமகனும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை. அவர் படும் துன்பம் சட்டத்தின் கணக்கிலேயே வராது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் கணவரோ மனைவியோ குடிமகனாக இருக்கிற வீடுகளிலும் இதே எதிர்பார்ப்பு இருக்கிறது. குடிவரவுத் துறை 1965-இல் தீர்த்த மன்சூர் வழக்கு இந்த விஷயத்தில் இன்றைக்கும் அளவுகோல். துன்பத்தை இரண்டு பக்கமும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்கத் துணைவர் கூடவே ஊருக்குப் போய் இரண்டு வருடம் இருந்தாலும் அசாதாரணத் துன்பம் வர வேண்டும். போகாமல் அமெரிக்காவிலேயே இருந்தாலும் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போதாது. 1982-இல் கே டாங் சென் வழக்கில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. இரண்டு வருடம் வெளிநாட்டில் இருப்பதால் இயல்பாக வரக்கூடிய பதற்றம், தனிமை, வருமான மாற்றம் இவற்றைத் தாண்டிய துன்பம் இருந்தால்தான் நீதிமன்றங்கள் அதை ஏற்று வந்திருக்கின்றன என்றது. தனிமையை அந்த வரி பெயர் சொல்லியே ஒதுக்கிவிடுகிறது. புதிதாகக் கல்யாணமான இருவருக்கு இது கல் நெஞ்சாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் குழந்தைக்குத் தொடர் சிகிச்சை, துணைவரின் கடுமையான நோய், சொந்த நாட்டில் பாதுகாப்பின்மை என்று ஆவணத்தோடு காட்ட ஏதாவது இருந்தால் ஒழிய, இந்த வழியில் இறங்கிப் பணத்தையும் காலத்தையும் இழக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இவருக்குப் பொருந்தியது முதல் வழி மட்டும். இந்திய அரசின் ஆட்சேபணை இல்லா அறிக்கை. நம் ஊரில் இதற்கு நோரி என்று பெயர். இந்தியா திரும்பக் கட்டாயமில்லை என்ற சான்று. இந்த வழியில் துன்பத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, கணவரின் விசா நிலையும் பொருட்டில்லை. உங்கள் நாடே "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்லிவிட்டால், அரசுப் பணம் சம்பந்தப்படாத கேஸில் அமெரிக்கா பெரும்பாலும் மறுப்பதில்லை.

காத்திருக்கலாமா

விண்ணப்பத்துக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் போட வேண்டிய கணக்கு. இரண்டு வருடம் என்பது தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. சொந்த நாட்டில் இருந்த நாட்களின் கூட்டுத்தொகை போதும். இவர் 2022 பிப்ரவரியிலேயே வந்துவிட்டார். நவம்பரில் மறுப்பு வந்தபோது ஒன்பது மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தது. சும்மா இருந்தாலே 2024 பிப்ரவரியில், நடுவில் கருத்தரங்குக்காக சிங்கப்பூர் போன சில நாட்களைச் சேர்த்தால் அதைவிடக் கொஞ்சம் தள்ளி, கட்டு தானாகவே தீர்ந்துவிடும். விலக்கு வழியில் போனால் முடிய எட்டு முதல் பத்து மாதம் ஆகலாம் என்பது என் மதிப்பீடு. மிச்சமாவது ஐந்தாறு மாதம்.

ஆறு மாதத்துக்குள் முடியப்போகிற கேஸாக இருந்தால் காத்திருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பதினைந்து மாதம் மீதி இருந்ததால் விண்ணப்பிக்கச் சொன்னேன். விண்ணப்பம் நடக்கிறபோதும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எது முதலில் முடிகிறதோ அது. ஆனால் ஒரு நிபந்தனை: நடுவில் சுற்றுலா விசாவில் டல்லாஸ் போய் வரலாமா என்ற ஆசையைத் தள்ளிவைக்க வேண்டும். 212(இ) சுற்றுலா விசாவைத் தடுக்காது என்பது உண்மைதான். மாணவர் விசாவையும் தடுக்காது. ஆனால் போகிற நாட்கள் கணக்கில் வராது. தவிரவும், கணவர் அங்கே இருக்க, எச்-4 மறுக்கப்பட்ட கையோடு சுற்றுலா விசா கேட்டால், திரும்பி வருவேன் என்பதை அதிகாரி நம்புவது கடினம். அந்த மறுப்பும் பதிவில் ஏறும். மறுபடி ஜே-1-இல் போகலாமே என்று அவருடைய பழைய பேராசிரியர் கேட்டார். ஆய்வாளர் வகையில் ஒரு முறை போய் முடித்தவர் 24 மாதம் கழித்துத்தான் அதே வகையில் மறுபடி போகலாம். இதுவும் இரண்டு வருடம், ஆனால் 212(இ)-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விலக்கு வாங்கினாலும் இந்த 24 மாதம் அப்படியே நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

நோரி

வரிசை முக்கியம். பலர் முதலில் நோரிக்கு ஓடுகிறார்கள். அமெரிக்கப் பக்கத்தில் டிஎஸ்-3035 என்ற இணையப் படிவத்தை முதலில் நிரப்பி, கேஸ் எண்ணை வாங்க வேண்டும். நிரப்பி முடித்ததும் பார்கோடு உள்ள பக்கங்களைக் கொடுக்கும். அதில் மூன்றாம் தரப்புக்கான பார்கோடு பக்கம் என்று தனியாக ஒன்று வரும். நம் தூதரகம் அறிக்கை அனுப்பும்போது அந்தப் பக்கமும் கூடவே போனால்தான், வாஷிங்டனில் அது சரியான கோப்பில் சேரும். கேஸ் எண் இல்லாமல் போன அறிக்கை எந்தக் கோப்பிலும் ஒட்டாமல் கிடக்கும்.

விசா முத்திரையில் இருந்த முரண்பாட்டுக்காக, ஆலோசனைக் கருத்து என்று ஒன்றையும் வெய்வர் ரிவ்யூ டிவிஷனிடம் கேட்டோம். கட்டு உண்டா இல்லையா என்று அவர்கள் எழுதித் தருவார்கள், கட்டணம் இல்லை. பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் மற்ற வேலையையும் நடத்தினோம். சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது: கட்டு உண்டு, காரணம் திறன் பட்டியல். பட்டியலைத் தவிர வேறு எதையும் அது குறிப்பிடவில்லை. எனக்கு அதில் வேண்டியிருந்ததே அதுதான்.

நோரிக்கு மூன்று இடத்துச் சம்மதம் வேண்டும்: மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வித் துறை, நிரந்தர முகவரி உள்ள மாநிலத்தின் அரசு, பாஸ்போர்ட் கொடுத்த மண்டல அலுவலகம். மூன்றும் சேர்ந்த பிறகு வாஷிங்டனில் உள்ள இந்தியத் தூதரகம் ஆட்சேபணை இல்லா அறிக்கையை நேராக அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அனுப்பும். விண்ணப்பதாரர் கையில் கொடுத்தனுப்புவதில்லை. கையில் வாங்கிக்கொண்டு போனால் அங்கே எடுக்கவும் மாட்டார்கள். இப்போது இணையத்திலேயே விண்ணப்பித்து நிலையைப் பார்க்கலாம் என்பது பெரிய ஆறுதல். இதற்கு முன்னால் மூன்று ஊருக்குத் தனித்தனியாகப் பதிவுத்தபால் போட்டுவிட்டு, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

மாநில அரசின் சம்மதம் வருவதற்குள் காவல்துறை விசாரணை வந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்த காவலர் திண்ணையில் உட்கார்ந்து, "பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனாம்மா?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் அம்மா, "இல்லீங்க சார், பாஸ்போர்ட் ஏற்கெனவே இருக்கு, இது அமெரிக்கா போறதுக்கு ஏதோ சர்டிஃபிகேட்" என்று சொல்ல, அவர் எதை எழுதிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டார். அறிக்கை மேலே போகவில்லை. பிறகு அந்தப் பெண்ணே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, விண்ணப்ப நகலையும் வைத்து ஸ்டேஷனில் கொடுத்தார்: நான் இன்னார், இத்தனாம் ஆண்டு ஆராய்ச்சிக்குப் போய் வந்தேன், என் மேல் வழக்கு, அரசுக் கடன் பாக்கி எதுவும் இல்லை, இந்தச் சான்றுக்காக மாநில அரசு உங்கள் அறிக்கையைக் கேட்டிருக்கிறது என்று. இரண்டு நாளில் அறிக்கை போய்விட்டது. அந்தக் காவலர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் தன் வேலைக்காலத்தில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கவே மாட்டார். அதனால் இப்போது வருகிறவர்கள் எல்லோரிடமும் அந்த ஒரு பக்கத்தை முதல் நாளே எழுதி வைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று பாஸ்போர்ட். கல்யாணமானதும் கணவர் பெயரைச் சேர்த்துப் புதிதாக எடுத்துவிடலாம் என்று மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் மறு வெளியீட்டில் பாஸ்போர்ட் எண் மாறும், முகவரி மாறினால் மண்டல அலுவலகமே மாறலாம். சம்மதக் கடிதத்தில் ஒரு எண், டிஎஸ்-3035-இல் இன்னொரு எண் என்றால் கோப்பு எங்காவது ஓரிடத்தில் நிற்கும். எச்-4-க்குக் கல்யாணப் பதிவுச் சான்று போதும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. விலக்கு வரும்வரை பாஸ்போர்ட்டைத் தொட வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன்.

மூன்று சம்மதங்களில் ஒன்று மட்டும் மிக நீண்ட நாள் இழுத்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டியதில்லை. நினைவூட்டல் கடிதம், குறைதீர் மனு என்று போட்டுக்கொண்டே இருந்தோம். 2023 ஜூனில் மூன்றும் சேர்ந்தன.

அந்த ஒரு பக்கக் கடிதம்

டிஎஸ்-3035-ஐ அச்சிட்டு, எல்லா டிஎஸ்-2019 நகல்களும் பாஸ்போர்ட் தகவல் பக்கமும் சேர்த்து, அப்போதைய கட்டணம் 120 டாலருக்கு அமெரிக்க வங்கியின் காசோலை வைத்து, மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தபால் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவிலிருந்து டாலர் காசோலை எடுப்பது தொல்லை. கணவர் டல்லாஸில் தன் வங்கியில் கேஷியர் செக் எடுத்தார். இங்கிருந்து போன கையெழுத்திட்ட காகிதங்களோடு சேர்த்து அவரே தபாலில் போட்டார். ஒவ்வொரு தாளிலும், உறையின் மேலும் கேஸ் எண்ணை எழுதச் சொல்லியிருந்தேன்.

கூடவே காரண அறிக்கை என்று ஒன்று வைக்க வேண்டும்: ஏன் விலக்கு கேட்கிறீர்கள் என்று. அவர் எழுதி வந்தது மூன்று பக்கம். கல்யாணமான சில வாரத்தில் பிரிந்தது, நேர வித்தியாசத்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பேசுவது, உறவினர் கேட்கும் கேள்விகள், தீபாவளிக்குத் தனியாக இருந்தது. எல்லாம் உண்மை. படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டோம். இந்த வழியில் அதைப் படிக்கிறவர் கையில் துன்பத்தை எடைபோடும் அதிகாரம் இல்லை. நீளமாக எழுதினால் துன்ப வழியில் கேட்க வேண்டியவர் தப்பி இங்கே வந்துவிட்டாரோ என்று தோன்றும். கடைசியில் போன கடிதம் ஒரு பக்கம். எந்த ஆண்டு எந்தத் துறையில் வந்தேன். பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்தது, பரிமாற்றத்துக்காக எந்த அரசிடமும் பணம் வாங்கவில்லை. திட்டத்தை முறையாக முடித்து ஊர் திரும்பி, இத்தனை மாதமாக இந்தியாவில் இருக்கிறேன், ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். திருமணமாகிவிட்டது, கணவர் எச்-1பி-யில் இருக்கிறார், அவருடன் சேர்ந்து வாழ எச்-4 வேண்டும். என் நாடு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. அவ்வளவுதான்.

திட்டத்தை முடித்துத் திரும்பி வந்து இங்கே கற்றுக்கொடுத்தார் என்ற வரிக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுத்தேன். விதியின் நோக்கம் எதுவோ அதில் ஒரு பகுதியை அவர் செய்தே விட்டார்.

ஆகஸ்டில் வெளியுறவுத் துறை சாதகமான பரிந்துரை கொடுத்தது. அது விலக்கு அல்ல, பரிந்துரை மட்டும்தான். அது நேராகக் குடிவரவுத் துறைக்குப் போகும். ஆட்சேபணை இல்லா வழியில் நாம் தனியாக மனுப் போட வேண்டியதில்லை. துன்ப வழியிலும் துன்புறுத்தல் வழியிலும்தான் ஐ-612 மனுவை முதலில் குடிவரவுத் துறையிடம் நாமே போட வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஐ-797 என்ற ஒப்புதல் தாள் வந்தது. அக்டோபரில் எச்-4.

பிறகு

விசா வந்த சந்தோஷத்தில் இருந்தபோது நான் ஒன்றைக் கேட்டேன்: அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? எச்-4-இல் வேலை செய்ய முடியாது. 2015 மே மாதத்திலிருந்து எச்-4 துணைவர்களுக்கு வேலை அனுமதி கொடுக்கிறார்கள் என்றாலும், பொதுவாக கணவரின் கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்ற மனு ஒப்புதல் ஆகியிருந்தால்தான் அது கிடைக்கும். இவர் கணவருக்கு ஆகவில்லை. முனைவர் பட்டமும் மூன்றரை வருட ஆய்வக அனுபவமும் உள்ள ஒரு பெண், சேர்ந்து வாழ்வதற்காக அத்தனையையும் ஓரமாக வைக்க வேண்டிய நிலை.

இந்த விலக்கு எச்-4-க்கான கதவை மட்டும் திறக்கவில்லை. எச்-1பி-யையும் திறந்தது. பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டு எண்ணிக்கை கிடையாது. லாட்டரி இல்லாமல் வருடத்தில் எந்த மாதமும் எச்-1பி மனுப் போடலாம். கட்டு இருக்கிறவர் அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு நிலை மாற்றவும் முடியாது. விலக்கு கிடைத்தவருக்கு அந்தத் தடையும் இல்லை. அவர் டல்லாஸ் போய்ச் சேர்ந்த மறுவருடம், அந்தப் பகுதியிலேயே ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை கிடைத்து, அவர்களே மனுப் போட்டு எச்-4-இலிருந்து எச்-1பி-க்கு மாறினார். இப்போது இதே வழியில் போகிறவர்கள், 2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் புதிதாகப் போடும் எச்-1பி மனுவுக்கு அது ஒரு லட்சம் டாலர் விதித்தது; பல்கலைக்கழகம் என்பதற்காக விலக்கு இல்லை. உள்ளே இருந்துகொண்டு நிலை மாற்றுபவருக்கு அது பொருந்தாது என்று குடிவரவுத் துறை பிறகு விளக்கியது. துணைவர் விசாவில் முதலில் போய்ச் சேர்வதற்கு அதனால் கூடுதல் பொருள் வந்திருக்கிறது.

இன்னொரு பெரிய மாற்றம் 2024 டிசம்பர் 9 அன்று நடந்தது. திறன் பட்டியலை வெளியுறவுத் துறை புதுப்பித்தது. இந்தியா, சீனா, தென் கொரியா, பிரேசில் உள்ளிட்ட பல நாடுகள் பட்டியலிலிருந்தே நீங்கின. முன்னால் போனவர்களுக்கும் அது பொருந்தும். இவரைப் போலப் பட்டியலால் மட்டும் கட்டப்பட்ட இந்தியர்களுக்கு இன்றைக்கு நோரியும் வேண்டாம், விலக்கும் வேண்டாம். அதற்காக ஜே-1-இல் போய் வந்த எல்லோரும் விடுதலை ஆகிவிட்டார்கள் என்று பரவியிருக்கும் செய்தி தவறு. ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகையில் போனவருக்குக் கட்டு அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அங்கே கயிறு அரசுப் பணம். அவர்கள் நோரி வாங்கி வந்தாலும் வெய்வர் ரிவ்யூ டிவிஷன், பணம் கொடுத்த திட்டத்தின் கருத்தைக் கேட்கும். சாதகமாக வருவது அரிது. அவர்களிடம் நான் நாள் எண்ணச் சொல்கிறேன்: பாஸ்போர்ட் முத்திரை, போர்டிங் பாஸ், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இரண்டு வருடம் முடிந்ததை ஆவணத்தால் காட்டுவதுதான் அவர்களுக்கு உறுதியான பாதை.

டாக்டர்களுக்கும் கட்டு உண்டு. மருத்துவ மேற்பயிற்சிக்குப் போனவர்கள் ஆட்சேபணை இல்லா வழியில் வர முடியாது. அவர்களுக்குக் கான்ராட் திட்டம்: மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று வருடம் முழுநேரச் சேவை. அவர்களுடன் ஜே-2-இல் போன துணைவரும் அதே கட்டுக்குள்தான் வருகிறார். டாக்டருக்கு விலக்கு கிடைத்தால் ஜே-2 துணைவருக்கும் சேர்ந்தே கிடைக்கும். துணைவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது, விவாகரத்து, மரணம் போன்ற சில நிலைகளைத் தவிர.

இன்னும் அமெரிக்காவிலேயே ஜே-1-இல் இருப்பவர்கள் அவசரப்பட்டு விலக்குக் கேட்டுவிடக் கூடாது. சாதகமான பரிந்துரை வந்தபிறகு ஜே-1-ஐ நீட்டிக்க முடியாது. கையில் இருக்கும் டிஎஸ்-2019 முடியும் தேதிக்குள் அடுத்த விசா தயாராக இல்லை என்றால் நடுத்தெருவில் நிற்க நேரும். ஊருக்குத் திரும்பிவிட்ட இந்தப் பெண்ணுக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த ஐ-797 தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எச்-4 வந்தபிறகு பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தில், நீங்கள் எப்போதாவது ஜே விசாவில் இரண்டு வருட விதிக்கு உட்பட்டிருந்தீர்களா, விலக்கு வாங்கினீர்களா என்று கேட்பார்கள்; அது பத்து வருடம் கழித்துக்கூட வரலாம். டல்லாஸ் தம்பதி அந்தத் தாளையும் ஆலோசனைக் கருத்தையும் எல்லா டிஎஸ்-2019-களையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரு பிரதியை மதுரையில் அம்மா வீட்டு பீரோவில் வைத்திருக்கிறார்கள்.